அல்ட்ராவைட் மானிட்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அல்ட்ராவைட், அதாவது சாதாரணத் திரையைவிட அகலம் கூடிய மானிட்டர், வாங்கிய முதல் வாரத்தில் எழும் புகார்கள் பலவற்றுக்குத் திரை காரணமே அல்ல. கேபிள், லேப்டாப்பின் போர்ட், கேமை உருவாக்கியவர்கள், மேசையின் ஆழம் என்று குற்றவாளி வேறெங்கோ உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம், எந்த செட்டிங்கைத் திருகினாலும் மாறாத குறைகளும் உண்டு. அவை பேனலோடு, அதாவது படம் காட்டும் பலகையோடு பிறந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுத்துவிடலாம். இன்னும் வாங்காதவர்களும் இதையே படிக்கலாம். எந்தப் புகாரோடு உங்களால் காலம் தள்ள முடியாது என்று பார்த்தால், எதை வாங்கக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

பேச வசதியாக 34 அங்குலம், 3440×1440, 21:9 என்ற அளவையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். வேலைக்கும் கேமுக்கும் ஒரே திரை என்று தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இங்கேதான். உயரத்தில் இது 27 அங்குலச் சாதாரண மானிட்டருக்குச் சமம். அகலம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். 29 அங்குல அல்ட்ராவைட்டைப் பெரிது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், உயரத்தில் அது 23 அங்குலம்தான். 49 அங்குல 32:9 என்பது இரண்டு 27 அங்குலத் திரைகள் நடுச்சட்டம் இல்லாமல் சேர்ந்த அளவு, அகலம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா? பெட்டியோடு வந்த கேபிளா, பழைய மானிட்டரிலிருந்து கழற்றியதா? கிராபிக்ஸ் டிரைவர் புதிதுதானா? இதிலேயே பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடலாம்.

பெட்டியில் 144 என்று இருக்கிறது, எனக்கு 60தான் வருகிறது

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் ரிஃப்ரெஷ் ரேட் (திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண், அளவு ஹெர்ட்ஸ்) தேர்வு செய்யும் இடம் வரும். புது மானிட்டரை விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிடும். 144 பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் அதன் கண்ட்ரோல் பேனலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ரெசல்யூஷன் பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும். மேலே 'அல்ட்ரா எச்டி, எச்டி' என்ற தலைப்பில் டிவிக்கான அளவுகள், கீழே 'பிசி' என்ற தலைப்பில் மானிட்டருக்கான அளவுகள். மேலே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு 60க்கு மேல் காணவில்லையே என்று தேடினால் கிடைக்காது, கீழே இறங்குங்கள்.

சில மானிட்டர்களில் உச்ச வேகம் 'ஓவர்கிளாக்' என்ற பெயரில் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் அணைந்து கிடக்கும். அதை இயக்கினால்தான் விண்டோஸுக்கே அது தெரியும்.

இதற்கும் வரவில்லை என்றால் கேபிளும் போர்ட்டும்தான் பாக்கி. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 3440ஐ 1440ஆல் பெருக்கினால் 49.5 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 24 பிட், வினாடிக்கு 144 முறை என்றால் 17 ஜிகாபிட்டைத் தாண்டுகிறது. எச்டிஎம்ஐ 2.0 படத்துக்கென்று உண்மையில் சுமக்கக்கூடியது 14.4 ஜிகாபிட். ஆகவே அது 100 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 1.4க்கு 8 ஜிகாபிட் சொச்சம்தான். 50, மிஞ்சிப்போனால் 60. டிஸ்ப்ளே போர்ட் 1.2க்கு 17.28, கணக்கில் 144க்குக் கொஞ்சம் மிச்சம் இருப்பது போலத் தெரிந்தாலும், படத்துக்கு இடையே போகும் வெற்றுச் சமிக்ஞைக்கும் இடம் வேண்டுமே, அதனால் 120 அளவில் நிற்கும். டிஸ்ப்ளே போர்ட் 1.4க்கு 25.92, 165 வரை தாராளம்.

எனவே எந்த எண்ணில் முட்டி நிற்கிறது என்பதே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். 30 அல்லது 50இல் நின்றால் பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐயோ இடையில் இருக்கும் டாக் எனும் இணைப்புப் பெட்டியோ. 100இல் நின்றால் எச்டிஎம்ஐ 2.0, டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாறுங்கள். 120இல் நின்றால் மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் பதிப்பு 1.2 என்று வைக்கப்பட்டிருக்கலாம், 1.4ஆக மாற்றிப் பாருங்கள்.

2022இல் வந்த ஏலியன்வேர் 34 அங்குல கியூடி-ஓலெட் (பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓலெட் பேனலில் ஒரு வகை) மானிட்டரில் 175 ஹெர்ட்ஸ் நிறத்துக்கு 8 பிட்டில்தான் வரும், 10 பிட் வேண்டுமென்றால் 144க்கு இறங்க வேண்டும். இதுவும் பழுதில்லை. 175ஐயும் 30 பிட்டையும் வைத்து மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள், 26 ஜிகாபிட் வரும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 என்ற குழாயின் கொள்ளளவைவிட நூலிழை அதிகம். அதே காரணத்தால் 49 அங்குலத்தில் 240 ஹெர்ட்ஸ் என்பதற்கு 42 ஜிகாபிட் வேண்டும். டிஎஸ்சி என்ற சுருக்கும் முறையைப் புரிந்துகொள்ளும் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே போர்ட் 1.4 வழியாக அது வரவே வராது. பழைய கார்டோடு 49 அங்குலத்தை யோசிக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்

கணினி 16:9 படத்தை அனுப்புகிறது, மானிட்டர் அதை 21:9க்கு இழுத்து நிரப்புகிறது. ரெசல்யூஷனை 3440×1440 ஆக்குங்கள். அந்த அளவு பட்டியலில் இல்லையென்றால் டிரைவரைப் புதிதாக நிறுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மேலே சொன்ன அதே கேபிள் கதைதான்.

எழுத்து மங்கலாக இருக்கிறது

வேலைக்கு வாங்கியவர்களை அதிகம் படுத்துவது இதுதான். பொறுமையாக ஒவ்வொன்றாகப் போகவேண்டும்.

ரெசல்யூஷன் சரி என்றால் அடுத்து நிற வடிவம். எச்டிஎம்ஐயில் இணைத்தால் கிராபிக்ஸ் கார்டு சில நேரம் மானிட்டரை டிவி என்று எண்ணிக்கொண்டு நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்து அனுப்பும். கண்டுபிடிக்க ஒரு வழி: நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை எழுத்து ஓரளவு நன்றாக இருந்து, சிவப்பு மட்டும் விளிம்பு கரைந்து வழிந்தால் சந்தேகமே இல்லை. கார்டின் கண்ட்ரோல் பேனலில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், அளவெல்லையை ஃபுல் என்றும் மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிவதும் பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

அப்புறம் மானிட்டரின் மெனு. ஷார்ப்னெஸ், சூப்பர் ரெசல்யூஷன் என்று ஏதாவது ஏற்றி வைத்திருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் விழும். அதைத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்புங்கள். அடுத்து விண்டோஸின் தேடல் பெட்டியில் கிளியர்டைப் என்று தேடி, அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எழுத்தின் ஓரத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாக மெல்லிய கோடு தெரிகிறதா? ஓலெட் மானிட்டரா? அப்படியென்றால் அது பேனலின் பிறவிக்குணம். முதல் தலைமுறை கியூடி-ஓலெட் பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலத் துகள்கள் வரிசையாக இல்லாமல் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. கிளியர்டைப் அவை வரிசையாக இருப்பதாக நம்பி எழுத்தைத் தீட்டுகிறது. கேமில் இது கண்ணில் படாது. நாள் முழுக்க எக்செல்லும் புரோகிராம் வரிகளும் பார்க்கிறவர்களில் சிலர் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள், சிலருக்குப் பழகவே பழகாது. நீங்கள் எந்த வகை என்பதை வாங்கிய வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பிறவிக்குணம் பிக்சல் அடர்த்தி. 34 அங்குலத்தில் 3440×1440 என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல். 27 அங்குல 2560×1440 மானிட்டரும் இதே அளவுதான். 34 அங்குலத்திலேயே 2560×1080 என்று மலிவாக வருகிறதே, அது 82. 45 அங்குலத்தில் வரும் 3440×1440 கேமிங் மானிட்டர்களும் 83 சொச்சம்தான். சோபாவில் சாய்ந்து கேம் ஆடுகிறவருக்கு இது போதும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எழுத்து வேலை செய்கிறவருக்குப் படிப்படியாகத் தெரியும். விலை குறைவு என்று 34 அங்குல 1080ஐ வேலைக்கு வாங்காதீர்கள் என்பதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். அந்தப் பணத்துக்கு 27 அங்குல 1440 சாதாரண மானிட்டர் எவ்வளவோ மேல்.

மேக்கில் இணைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. 2018இல் வந்த மொஹாவி பதிப்போடு ஆப்பிள் கிளியர்டைப் போன்ற எழுத்து நுட்பத்தைக் கைவிட்டுவிட்டது. அதனால் 110 பிக்சல் அடர்த்தியில் விண்டோஸைவிட மேக்கில் எழுத்து கொஞ்சம் தடித்து மென்மையாகவே தெரியும். உண்மையான தீர்வு 5120×2160 அளவு மானிட்டர். 40 அங்குலத்தில் அது 140 பிக்சல் அடர்த்தி. விலையும் அதற்கேற்றாற்போல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கேமில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை

பட்டை எப்போது வருகிறது என்று பாருங்கள். கட்சீன் எனப்படும் கதைக்காட்சியில் மட்டும் வந்து, ஆட்டம் தொடங்கியதும் திரை நிறைந்துவிட்டால் அந்தக் காட்சிகளை 16:9இல் எடுத்துவைத்திருக்கிறார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆட்டம் முழுக்கப் பட்டை இருந்தால் கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனைப் பாருங்கள். அங்கே 3440×1440 தேர்ந்தெடுத்த பிறகும் பட்டை போகவில்லை என்றால் அந்த கேமுக்கு 21:9 தெரியாது. எல்டன் ரிங் இதற்குப் பெயர்போனது. 16:9ஐத் தாண்டாது, வினாடிக்கு 60 பிரேமையும் தாண்டாது. பட்டையை நீக்க ரசிகர்கள் செய்த மாட்கள் (கேமை மாற்றியமைக்கும் கோப்புகள்) பல கேம்களுக்குக் கிடைக்கின்றன. தனியாக ஆடும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் மற்றவரோடு ஆடும் கேமில் கை வைக்காதீர்கள். ஏமாற்று மென்பொருளைத் தேடும் காவல் நிரல் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். எந்த கேம் 21:9க்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள பிசி கேமிங் விக்கியில் அந்த கேமின் பக்கத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

போட்டி கேம்களில் ஒரு சங்கடம் உண்டு. அகலத் திரைக்காரருக்குக் கூடுதல் காட்சி கிடைத்தால் அநியாயம் என்று சிலவற்றில் 21:9 பார்வையைத் தடுத்தே வைத்திருப்பார்கள். வேலோரன்ட் அப்படி ஒன்று. 2016இல் வந்த முதல் ஓவர்வாட்சில் இன்னும் விநோதம்: பக்கவாட்டில் காட்சியைக் கூட்டாமல் மேலும் கீழும் வெட்டினார்கள், அகலத் திரை வாங்கியவர் குறைவாகப் பார்த்தார்! பின்னால் அதை மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் ஆடுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் போட்டி கேம்கள்தான் என்றால் அல்ட்ராவைட் உங்களுக்கானது அல்ல. கார் பந்தயம், விமான சிமுலேட்டர், திறந்த உலகக் கதை கேம்கள், நகரம் கட்டும் கேம்கள் ஆடுகிறவருக்குத்தான் இந்த அகலம் பலன் தரும்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்குமே 21:9 தெரியாது. மானிட்டர் மெனுவில் விகிதத்தை 'ஒரிஜினல்' அல்லது 'ஆஸ்பெக்ட்' என்று வைத்தால் நடுவில் 16:9 படமும் பக்கத்துக்கு 440 பிக்சல் கறுப்பும் வரும். முழுத்திரை என்று வைத்தால் இழுபடும். கன்சோல்தான் பிரதானம் என்றால் இந்த அகலத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

புது மானிட்டர் வந்ததும் கேம் திணறுகிறது

திணறத்தான் செய்யும். 1920×1080இல் 20.7 லட்சம் பிக்சல் வரைந்துகொண்டிருந்த கார்டை 49.5 லட்சம் வரையச் சொல்கிறோம். 2560×1440இலிருந்து வந்தவருக்கே 34 சதவீதம் வேலை கூடுகிறது. கார்டின் பலம்தான் எல்லை என்றால் அங்கே 100 பிரேம் கொடுத்தது இங்கே 75 கொடுக்கும். அகலமாகப் பார்க்கும்போது காட்சிக்குள் வரும் மரம் மட்டை, மனிதர்கள் எல்லாம் கூடுவதால் பிராசசருக்கும் கொஞ்சம் பாரம் ஏறும்.

கார்டு திணறுகிறதா, பிராசசரா என்று அறிய, ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் ஏறினால் கார்டு. ஏறாவிட்டால் பிராசசர், அதற்கு மானிட்டர் பொறுப்பில்லை. கார்டுதான் என்றால், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டில் உங்கள் கார்டுக்கு உரியதை 'குவாலிட்டி' நிலையில் இயக்குங்கள். 1440 உயரத்தில் அது கண்ணுக்கு உறுத்தாமல் பாரத்தைக் குறைக்கும். நிழலையும் பிரதிபலிப்பையும் ஒரு படி இறக்குவது அடுத்தது. 4கேக்கு 82.9 லட்சம் பிக்சல். அதோடு ஒப்பிட்டால் இது அறுபது சதவீதப் பாரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இருட்டான காட்சியில் கரி இழுவியது போல இருக்கிறது

விஏ என்ற வகைப் பேனலின் குணம் இது. பெட்டியில் 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருந்தாலும், கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற இந்தப் பேனல்கள் பல எடுத்துக்கொள்ளும் நேரம் மிக அதிகம். குகைக்குள் கேமராவைத் திருப்பினால் நிழல்கள் பின்னாலேயே ஒழுகிக்கொண்டு வரும். மானிட்டர் மெனுவில் 'ஓவர்டிரைவ்' அல்லது 'ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். அதை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். உச்சத்துக்குப் போகாதீர்கள், இழுவல் போய் அதற்குப் பதிலாகப் பொருள்களைச் சுற்றி வெளிச்ச ஒளிவட்டம் வரும். அது இன்னும் மோசம். பிளாக் ஈக்வலைசர் போன்ற ஒன்றால் கறுப்பைச் சற்றே உயர்த்தினாலும் இழுவல் கொஞ்சம் குறையும், ஆழமான கறுப்பு போய்விடும். அந்தக் கறுப்புக்காகத்தானே விஏ வாங்கினோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு படி மாற்றிப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். மாற்றாக அதே மாடலைக் கேட்காதீர்கள், அதுவும் இப்படித்தான் இருக்கும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலில் இந்த இழுவல் இல்லை. ஓலெட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று மினுக்கல். லோடிங் திரையிலோ மெனுவிலோ வெளிச்சம் துடிப்பது போலத் தெரியும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இரண்டும் கார்டு வரையும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. விஏ, ஓலெட் இரண்டிலும் வேகம் மாறும்போது ஒரே சாம்பல் நிறத்தின் வெளிச்சமும் லேசாக மாறுகிறது. வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும் இடத்தில் அது மினுக்கலாகத் தெரிகிறது. மானிட்டரின் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பிரேம் 47க்கு இறங்கியதும் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்ட மானிட்டர் திடீரென்று 94க்குத் தாவும். 48இல் வந்ததும் மறுபடி கீழே விழும். இந்த எல்லையில் ஊசலாடும் கேமில்தான் அவதி அதிகம்.

ஆக, மருந்து என்ன? பிரேம் வேகத்தை நிலையாக வைப்பது. கேமின் தரத்தைக் குறைத்து 60க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு வரம்பும் போடுங்கள். கேம் ஆடாமல் டெஸ்க்டாப்பிலேயே மினுக்கினால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை 'முழுத்திரைக்கு மட்டும்' என்று மாற்றுங்கள். சில மானிட்டர்களின் மெனுவிலேயே 'விஆர்ஆர் கண்ட்ரோல்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது; மினுக்கலை அடக்கும், பதிலுக்கு லேசான திக்கல் வரலாம். மானிட்டருக்கான ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துவிடுங்கள். எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் அந்த ஒரு கேமுக்கு மட்டும் ஃப்ரீசிங்க்கை அணைத்துவிட்டு ஆடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மூலைகளில் வெளிச்சம் கசிகிறது

அறையை இருட்டாக்கி முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் போடுங்கள். வெளிச்சத்தை நீங்கள் அன்றாடம் வைக்கும் அளவிலேயே வையுங்கள். நூறுக்கு ஏற்றிப் பார்த்தால் எந்த மானிட்டரும் தேறாது. இப்போது தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். மூலையில் தெரியும் ஒளி கூடிக் குறைந்தால், பின்னால் தள்ளி உட்கார்ந்ததும் மங்கினால், அது ஐபிஎஸ் பேனலின் இயல்பான பளபளப்பு. அகலத் திரையில் ஓரங்கள் கண்ணுக்குச் சாய்வாக இருப்பதால் சற்று அதிகமாகவே தெரியும். தலையை எங்கே நகர்த்தினாலும் ஒரே இடத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒளி அப்படியே நின்றால் அது சட்டம் அழுத்துவதால் வரும் கசிவு. இதற்கு மாற்று கேட்கலாம், வேறு பீஸ் நன்றாக வர வாய்ப்பு உண்டு. போனில் எடுத்த படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இருட்டில் கேமரா ஒளியைத் தானே ஏற்றிக்கொண்டு சின்னக் கசிவைப் பெரிதாகக் காட்டும்.

செத்த பிக்சலையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரைக்குப் போட்டால் தெரியும். எத்தனை பிக்சல் போனால் மாற்றுவார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. ஒன்றுக்கெல்லாம் வாரண்டியில் மாற்றாதவர்கள் உண்டு. கடையின் திருப்பி அனுப்பும் கெடு இருக்கும்போதே பார்ப்பது அதனால்தான்.

எச்டிஆர் போட்டதும் எல்லாம் வெளிறிப்போகிறது

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை. டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற முத்திரைக்குப் பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதி தேவையில்லை. அந்த முத்திரை மட்டும் உள்ள எல்சிடி மானிட்டரில் எச்டிஆரை அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஓலெட்டோ மினி எல்இடியோ என்றால் விண்டோஸ் 11இல் எச்டிஆர் காலிபிரேஷன் செயலியை ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எச்டிஆர் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். வேலை நேரத்தில் அணைத்தே வைப்பது கண்ணுக்கு நல்லது.

திரை திடீரென்று ஒரு கணம் கறுத்துப் போய்த் திரும்பி வருகிறது

பத்துக்கு எட்டு முறை கேபிள்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேகத்தை 144இலிருந்து 100க்கு இறக்கிப் பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால் கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று பொருள். வெசா (மானிட்டர் தரநிலை அமைப்பு) சான்று பெற்ற, இரண்டு மீட்டருக்கு மிகாத டிஸ்ப்ளே போர்ட் கேபிளை வாங்குங்கள். விலை உயர்ந்த மானிட்டரை வாங்கிவிட்டு கேபிளில் மிச்சம் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம்.

சரி, கேபிளும் மாற்றியாயிற்று, இன்னும் கறுக்கிறது. எப்போது கறுக்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போதா? சிரிப்பதற்கில்லை. உயரம் மாற்றும் கேஸ் சிலிண்டர் வைத்த அலுவலக நாற்காலிகளில் உட்காரும்போதும் எழும்போதும் உண்டாகும் மின்காந்தத் துடிப்பு, உறை சரியில்லாத கேபிளில் ஏறி, சமிக்ஞையை ஒரு கணம் அறுத்துவிடுவது தொழில்நுட்ப உதவிக் குறிப்புகளிலேயே இடம்பெற்றிருக்கும் விஷயம். நல்ல உறையுள்ள கேபிள், கேபிளை நாற்காலியிலிருந்து தள்ளி ஓட்டுவது, பூமி இணைப்பு சரியாக உள்ள பிளக் பாயின்ட் ஆகியவற்றால் தீரும். மோட்டார், ஏசி ஓடத் தொடங்கும்போது கறுத்தால் அதே பிளக் பாயின்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உறக்கத்திலிருந்து எழாமல் படுத்துக்கொண்டால் மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' என்பதை அணையுங்கள்.

லேப்டாப்பை ஒற்றை யூஎஸ்பி-சி கேபிளில் இணைத்தேன், படம் வரவில்லை

லேப்டாப்பின் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படம் அனுப்பாது. துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட்டின் 'டி' போன்ற குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேபிள். போன் சார்ஜரோடு வந்த கேபிள் சார்ஜ் ஏற்றும், படம் கொண்டுபோகாது.

படம் வருகிறது, ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை என்றால் மானிட்டர் மெனுவில் 'யூஎஸ்பி-சி முன்னுரிமை' போன்ற ஒன்றைத் தேடுங்கள். ஒரே கேபிளில் படமும் வேகமான யூஎஸ்பி தரவும் போனால் படத்துக்குப் பாதிப் பாதைதான் மிஞ்சும். பழைய டிஸ்ப்ளே போர்ட் 1.2 அளவில் அது 8.64 ஜிகாபிட், அதாவது 3440×1440க்கு 60தான். முன்னுரிமையைப் படத்துக்கு மாற்றினால் வேகம் ஏறும், மானிட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் மெதுவாகும். சார்ஜும் அதே கேபிளில் என்றால் மானிட்டர் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். 65 வாட் அலுவலக லேப்டாப்புக்குப் போதும், கேமிங் லேப்டாப்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கழுத்து வலிக்கிறது

மேசையின் ஆழத்தை அளந்து பாருங்கள். இரண்டடி ஆழ மேசையில் மானிட்டரின் கால் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஒன்றரை அடிகூட மிஞ்சாது. 80 சென்டிமீட்டர் அகலத்தை அவ்வளவு அருகில் பார்த்தால் நாள் முழுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வெசா துளைகளில் மாட்டும் கை ஒன்றை வாங்கித் திரையைச் சுவர்ப்பக்கம் தள்ளுங்கள். மானிட்டரின் எடையை அந்தக் கை தாங்குமா என்று முதலில் பாருங்கள், 49 அங்குலத்துக்குச் சாதாரணக் கை தலைகுனிந்துவிடும். முக்கியமான ஜன்னலை எப்போதும் நடுவில் வையுங்கள். மெயிலும் சாட்டும் ஓரத்துக்குப் போகட்டும். பாதிப் பாதியாகப் பிரித்தால் இரண்டுமே ஓரம்தான்.

நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன என்பது வளைவின் புகார். 1800 ஆர் என்றால் வளைவின் ஆரம் 1.8 மீட்டர், எண் குறையக் குறைய வளைவு கூடும். 1000 ஆர், 800 ஆர் எல்லாம் கேமுக்குச் சுகம். கட்டட வரைபடம் போடுகிறவர், நேர்கோட்டை நம்பிப் பிழைக்கிறவர் என்றால் 1800க்குக் கீழே போகாதீர்கள். இது மெனுவில் தீராது.

மீட்டிங்கில் என் திரை யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள்

முழுத்திரையைப் பகிர்ந்தால் எதிரே 14 அங்குல லேப்டாப்பில் பார்ப்பவருக்கு அது மெல்லிய பட்டையாகத்தான் போகும். ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதியும் உண்டு. 49 அங்குலக்காரர்கள் பிக்சர் பை பிக்சர் முறையில் ஒரே கணினியிலிருந்து இரண்டு கேபிள் கொடுத்துத் திரையை இரண்டு 2560×1440 மானிட்டர்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறையில் பல மாடல்களில் ஃப்ரீசிங்க்கும் எச்டிஆரும் அணைந்துவிடும், வேகமும் இறங்கும். ஜன்னல்களை மூன்று பத்தியாக அடுக்க விண்டோஸ் விசையோடு இசட்டை அழுத்துங்கள். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ் இருக்கிறது. மேக்கில் 2024இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து அடுக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது.

ஓலெட்டில் டாஸ்க்பாரின் நிழல் நிரந்தரமாகத் தெரிகிறது

முதலில் மெனுவில் உள்ள பிக்சல் ரிஃப்ரெஷை ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். தற்காலிகத் தேக்கம் என்றால் போய்விடும். போகாவிட்டால் அது எரிந்த தடம், திரும்பாது. பர்ன்-இன்னுக்கு வாரண்டி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டு தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், எழுத்தில் ஒன்றும் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். தினமும் எட்டு மணி நேரம் ஒரே எக்செல்லைத் திறந்து வைக்கும் வேலை உங்களுடையது என்றால், ஓலெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐபிஎஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இரவில் கேம், பகலில் கொஞ்ச நேரம் வேலை என்றால் ஓலெட்டுக்குத் தாராளமாகப் போகலாம். டாஸ்க்பாரைத் தானாக மறையவிடுங்கள், ஸ்கிரீன்சேவர் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வையுங்கள்.

திருப்பி அனுப்புவது என்று முடிவானால்

விஏ இழுவல், ஓலெட் எழுத்தோரம், பிக்சல் அடர்த்தி, வளைவு ஆகிய நான்கும் மாடலின் குணம்; பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கசிவு, செத்த பிக்சல், இன்னொரு கணினியிலும் இன்னொரு கேபிளிலும் தொடரும் கறுப்பு ஆகியவை அந்தப் பீஸின் கோளாறு, மாற்று கேளுங்கள். கேட்பதற்கு முன் வேறு கேபிள், வேறு கணினியில் சோதித்ததை வீடியோவாக எடுத்து, சீரியல் எண் ஒட்டிய பின்பக்கத்தையும் அதே வீடியோவில் காட்டிவிடுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள் என்ற முதல் பதிலிலேயே நாட்கள் கரைவது மிச்சமாகும்.

பழைய விலையோடு ஒப்பிட்டு மாற்று மாடல் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தியாவில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் கெடு முடியும்வரை பரணில் ஏற்றி வையுங்கள். வளைந்த திரையை வேறு எந்தப் பெட்டியிலும் பத்திரமாக அனுப்ப முடியாது. கூரியரில் விரிசல் விழுந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும். திரும்ப வைக்கும்போது இரண்டு பேராகப் பிடியுங்கள், திரையின் கண்ணாடியில் கை வைக்காமல் சட்டத்தின் அடியிலும் பின்பக்கத்திலும் பிடியுங்கள்.